எட்டாக்கனி



பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய பெண்ணொருத்தி செவிலியர் படிப்பில் சேர வேண்டுமென்று வீட்டிலே கேட்கிறாள். "அதெல்லாம் நமக்கு எட்டாக்கனியம்மா" என்று தாயார் சொல்லிவிடுகிறார். பேச்சு அத்தோடு நின்றுபோகிறது. அதை நிறுத்தியது பணமுடையா, அந்தச் சொல்லா? சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

எட்டுதல் என்றால் நீட்டிய கை போய்த் தொடுதல். (எட்டு என்னும் எண்ணோடு இதைக் குழப்பலாகாது, எட்டாம் பக்கம் வேறு, எட்டாப் பரண் வேறு.) கையைப் பற்றிய இவ்வினையைக் கண்ணுக்கும் காதுக்கும் அறிவுக்குங்கூட ஆளுகிறோம்: கண்ணுக்கெட்டிய தூரம், செவிக்கெட்டிய செய்தி, புத்திக்கெட்டாத சத்தியம். திரித்துவ பரம இரகசியத்தைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கையில் இக்கடைசி வழக்கே நமக்கு உதவுகிறது. "கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை" என்பதோ, கிட்ட வந்து தவறிப்போனதைச் சொல்லும் பழமொழி. எட்டிப்பழமும் இதிலே சேராது. எட்டி மரத்தின் பழம் கைக்கு நன்றாகவே எட்டும். ஆனால் அதன் விதையில் நஞ்சு உண்டு!

எட்டாக்கனியிலே பழத்தின் மேல் குற்றமில்லை. காய் என்னாமல் கனி என்றே சொல்லுகிறோம். திராட்சை புளிக்குமென்று சொல்லிப்போன நரியின் பேச்சு வேறு. இங்கே குறை தூரம் ஒன்றுதான்.

இனி இலக்கணம். "எட்டாத" என்பதன் ஈற்றுத் தகரம் கெட்டு "எட்டா" என நிற்கிறது. ஆகையால் பின்வரும் வல்லினம் மிகுந்து "எட்டாக்கனி" என்றாகிறது. "எட்டாத கனி" என்றெழுதினால் மிகாது. பரீட்சையில் பிள்ளைகள் தவறவிடும் இடம் இது. ஆனால் பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. எட்டிய கனி, எட்டுகிற கனி, எட்டும் கனி என்று மூன்று காலத்தையும் பிரித்துச் சொல்லலாம். எதிர்மறைப் பெயரெச்சத்திலோ காலங்காட்டும் உறுப்பே கிடையாது. எட்டாக்கனி என்றால் நேற்றும் எட்டாதது, இன்றும் எட்டாதது, நாளையும் எட்டாதது. புத்திக்கெட்டாத சத்தியத்துக்கு அது பொருந்தும். கல்லூரிக் கட்டணத்துக்குப் பொருந்துமா?

கையில் பணமில்லாத வீட்டில் இருக்கிறதென்று சொல்லச் சொல்லவில்லை. "இன்னும் எட்டவில்லை" என்றொரு சொல்லும் நம் மொழியில் இருக்கிறது. அது இன்றுவரைதான் பேசும், நாளையைத் தொடாது. அப்படிச் சொன்னால் அந்தப் பெண், "அப்படியானால் எப்போது எட்டும் அம்மா?" என்று திருப்பிக் கேட்கலாம். எட்டாக்கனி என்றபின் அப்படிக் கேட்க இலக்கணத்திலேயே இடமில்லை.