காதுக்கு எட்டாத ஒலி

1982ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் இரவு, கோலாலம்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு ஒரு விமானம் பறந்துகொண்டிருந்தது. ஜாவாத் தீவின் அருகே அதன் நான்கு இயந்திரங்களும் அடுத்தடுத்து நின்றுபோயின. காலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலே அதற்குக் காரணம். அச்சாம்பல் இருளில் விமானிகளின் கண்ணுக்குத் தெரியவில்லை, ரேடாரிலும் தென்படவில்லை. சாம்பலிலிருந்து வெளியேறிய பின் இயந்திரங்கள் மீண்டும் இயங்கின. விமானம் ஜகார்த்தாவில் பத்திரமாகத் தரையிறங்கியது.

கண்ணுக்குத் தெரியாத எரிமலை வெடிப்பை வேறு எப்படி அறியலாம்? அது எழுப்பும் ஒலியைக் கொண்டு அறியலாம்.

மனிதர்களால் பொதுவாக 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே கேட்க முடியும். 20 ஹெர்ட்ஸுக்கும் குறைவான ஒலியைக் குற்றொலி என்பர். எரிமலை வெடிப்பு, விண்கல் வீழ்ச்சி, ராக்கெட் ஏவுதல், அணுகுண்டு வெடிப்பு ஆகியவை குற்றொலியை எழுப்புகின்றன. காற்று இந்த ஒலியை மிகக் குறைவாகவே ஈர்த்துக்கொள்வதால், அது பல்லாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்கிறது. 1883இல் கிரகத்தோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அழுத்த அலை, உலகைப் பலமுறை சுற்றி வந்ததைப் பல நாடுகளின் காற்றழுத்தமானிகள் பதிவு செய்தன.

இன்றைய குற்றொலி நிலையங்களில், மிக நுண்ணிய அழுத்த மாற்றத்தையும் உணரும் கருவிகள் இடைவெளி விட்டு வைக்கப்பட்டுள்ளன. ஒலி எக்கருவியை முதலில் அடைந்தது, எதை அடுத்து அடைந்தது என்பதைக் கணக்கிட்டு, அது வந்த திசையை அறியலாம். இரண்டு நிலையங்கள் காட்டும் திசைகள் சந்திக்கும் இடமே ஒலி பிறந்த இடம். பலமாக வீசும் காற்று பதிவைக் குழப்பிவிடும். அதனைக் குறைக்கவே கருவியைச் சுற்றித் துளையுள்ள குழாய்களைத் தரையில் பரப்புகின்றனர்.

அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டறிவதற்காக, 1996ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இத்தகைய 60 நிலையங்கள் திட்டமிடப்பட்டன. அவற்றுள் 50க்கும் மேற்பட்டவை இயங்குகின்றன. 2013இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஒரு விண்கல் வெடித்தது. அதன் குற்றொலி அண்டார்டிக்காவிலும் பதிவானது. 2022இல் தோங்கா எரிமலை வெடித்தபோது, அப்போது இயங்கிய நிலையங்கள் அனைத்தும் அதனைப் பதிவு செய்தன.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. குற்றொலி ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டரே பயணம் செய்யும். தொலைவிலுள்ள நிலையத்திற்குச் செய்தி தாமதமாகவே சென்று சேரும். எனவே, துணைக்கோளப் படங்களையும் நில அதிர்வுப் பதிவுகளையும் இதனுடன் சேர்த்தே ஆராய்கின்றனர். ஆனால், மேகம் மூடிய இரவில் துணைக்கோளம் காணத் தவறும் வெடிப்பையும் குற்றொலி காட்டிக்கொடுக்கும்.

ஏதேனும் ஒரு நாடு மறைவாக அணுகுண்டு வெடிக்குமோ என்ற ஐயத்தால் உருவானவை இந்நிலையங்கள். இன்று அவை எரிமலைகளையும் கண்காணித்து, விமானப் பயணிகளின் உயிரைக் காக்கவும் துணைபுரிகின்றன.