ரெஜிஸ்டரின் முதல் பக்கம்

சீர்காழி,
மே 20

அன்புள்ள கண்ணு,

புனேயில் கோந்த்வாவிலேயே வீடு கிடைத்துவிட்டது, லைப்ரேரியனாகச் சேர்ந்திருக்கிற பள்ளிக்கு நடந்தே போய்விடலாம் என்று நீ எழுதியதைப் படித்ததும் மனசு ஆறியது. ஜூன் நடுவில் பள்ளி திறக்கிறது. அதற்கு முந்தின வாரம் ஆசிரியர்களுக்கு நடக்கும் பயிற்சியில் லைப்ரரிக்கென்று ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதில் என்ன பேசட்டும் அத்தை என்று கேட்டிருந்தாய். இரண்டு நாளாக இதே நினைப்புதான்.

பேசாதேம்மா. எத்தனை புத்தகம் எடுக்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், தொலைத்தால் என்ன அபராதம் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டிவிடு. அந்த ஒரு மணி நேரமும் ஆசிரியர்கள் வாசிக்கட்டும். மேசையில் நாற்பது ஐம்பது சிறுவர் புத்தகங்களைப் பரப்பி வை. கணக்கு டீச்சரோ பி.டி. சாரோ, யாராக இருந்தாலும் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளட்டும். இருபது நிமிஷத்தில் முடிகிற புத்தகங்கள்தாமே. முடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் கதையைச் சொல்லட்டும். கிளம்பும்போது ஒவ்வொருவரும் ஒரு புத்தகத்தைத் தன் பெயரில் எழுதி வீட்டுக்கு எடுத்துப்போகட்டும். இந்த வருஷத்து இஷ்யூ ரெஜிஸ்டரின் முதல் பக்கம் முழுக்க ஆசிரியர்கள் பெயராகவே இருக்கவேண்டும்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். நான் முதலில் வேலை பார்த்த பள்ளியில் புத்தகங்களெல்லாம் கண்ணாடி பீரோவுக்குள் இருந்தன. சாவி என் இடுப்பில். ஸ்டாக் வெரிஃபிகேஷனில் ஒன்று குறைந்தாலும் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம். மூன்று வருஷம் அந்தப் புத்தகங்களைப் பிள்ளைகள் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. பீரோவைத் திறக்க வைத்தது ஒரு தமிழாசிரியை. மதியச் சாப்பாடு முடிந்ததும் வந்து ஒரு கதைப்புத்தகம் படித்துவிட்டுப் போவார். ஆறாம் வகுப்பில் அதைப் பாதி வரை சொல்லி நிறுத்திவிடுவார். மறுநாள் காலை ப்ரேயர் மணி அடிக்கும் முன்பே, மீதிக் கதைக்காகப் பிள்ளைகள் என் வாசலில் நிற்பார்கள். அத்தனை பேரை நிற்கவைத்துக்கொண்டு எப்படிப் பூட்டி வைப்பது? லைப்ரேரியன் எத்தனை பேருக்குக் கதை சொல்லிவிட முடியும்? ஒரு வகுப்போடு தினமும் இருக்கிறவர் ஆசிரியர்தான்.

எங்கள் ஊர்க்காரர் எஸ். ஆர். ரங்கநாதனை உனக்குப் பாடத்தில் தெரியும். 1892-இல் இங்கே பிறந்தவர். கோலன் பகுப்பு முறை, ஐந்து விதிகள் என்று பரீட்சைக்குப் படித்திருப்பாய். அந்த விதிகளை அவர் முதன்முதலில் மேடையில் எடுத்துச் சொன்னது எங்கே தெரியுமா? 1928 டிசம்பரில், சிதம்பரத்தில் நடந்த மாகாணக் கல்வி மாநாட்டில். புத்தகமாக வந்தது 1931-இல்தான். நூலகத்துறைக்கே அடிப்படையான அந்த விதிகள் முதலில் கல்விக்காரர்கள் காதில்தான் விழுந்தன. எனக்கு இது தற்செயலாகத் தோன்றவில்லை. அவரே மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது, அந்த ஆளரவமற்ற வேலை பிடிக்காமல், திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கல்லூரி முதல்வரிடமே போய் நின்றார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார் முதல்வர். லண்டனில் நூலகங்களுக்குள் எல்லாத் தரப்பு மக்களும் நடமாடுவதைப் பார்த்த பிறகுதான் மனம் மாறியது. முதல் மாதம் உன் அறை வெறிச்சென்று கிடந்தால் இதை நினைத்துக்கொள்.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், பத்திரிகை, கதைப்புத்தகங்களோடு நூலகம் இருக்கவேண்டும் என்கிறது. ஓவியத்துக்கும் விளையாட்டுக்கும் பகுதிநேர ஆசிரியரைக் கேட்கிற அந்தச் சட்டத்தின் அட்டவணை, நூலகரைக் கேட்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், உன்னை வேலைக்கு வைத்திருக்கிற பள்ளி நல்ல பள்ளி. அவர்கள் கொடுத்த ஒரு மணி நேரத்தை வீணாக்கிவிடாதே.

எந்தப் புத்தகங்களைப் பரப்புவது? உன் அலமாரியில் முக்கால்வாசி ஆங்கிலம் என்கிறாய். நீ இருக்கிற ஊரின் பேரைப் பார். கோந்த்வா குர்த், கோந்த்வா புத்ருக். குர்த் என்றால் சிறியது, புத்ருக் என்றால் பெரியது. இரண்டும் பாரசீகத்திலிருந்து மராத்திக்குள் வந்து தங்கிவிட்ட சொற்கள். வீட்டில் மராத்தி, உருது, தக்னி, இந்தி பேசுகிற பிள்ளைகள்தான் உன்னிடம் வரப்போகிறார்கள். நம் வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் பேசுகிற உருதுவைக் கேட்ட காது உனக்கு. தக்னி உனக்கு அந்நியமாகப் படாது. மகாராஷ்டிரப் பாடநூல் நிறுவனமான பாலபாரதி வெளியிடும் ‘கிஷோர்’ சிறுவர் மாத இதழ் 1971-இலிருந்து வருகிறது. சேனாபதி பாபட் சாலையில் அவர்கள் அலுவலகத்துக்கு ஒருநாள் போய் வா. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை மராத்தியிலும் உருதுவிலும் தமிழிலும் கிடைக்கும். அச்செடுத்துக்கொள்ளக் காசு கேட்பதில்லை. உருதுப் புத்தகம் வலப்பக்கத்திலிருந்து திறக்கும். மற்றவற்றோடு சேர்த்து அடுக்காமல், அட்டை தெரியும்படி தனியாக நிறுத்து. தன் வீட்டு எழுத்தை அலமாரியில் பார்த்ததும் ஒரு பிள்ளைக்கு முகம் மலர்கிறதே, அதை ஆசிரியர்களும் பார்க்கவேண்டும்.

மழையை மறந்துவிடாதே. அங்கே பள்ளி திறப்பதும் மழை பிடிப்பதும் ஏறக்குறைய ஒரே சமயம். அலமாரிகளைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வை. அடித்தட்டைக் காலியாக விடு. புத்தகங்களை நெருக்கி அடைக்காதே; காற்று போகாவிட்டால் ஆகஸ்டுக்குள் பூஞ்சை பிடிக்கும். கிழிந்ததையும் செல்லரித்ததையும் இப்போதே பட்டியல் போட்டு, தலைமையாசிரியர் கையெழுத்தோடு கழித்துவிடு. பழைய கைடுகளை வைத்து அலமாரியை நிரப்பிக் காட்டவேண்டாம்.

டைம்டேபிள் போடுகிறவரை மே முடிவதற்குள் பார். லைப்ரரி பீரியடைக் கடைசி மணிக்குத் தள்ளாமல், காலையில் ஒன்றிரண்டாவது கேள். போர்ஷன் முடியவில்லை என்று உன் பீரியடை யாராவது கடன் கேட்பார்கள். கோபப்படாதே. வகுப்பைக் கூட்டிக்கொண்டு அவரையும் லைப்ரரிக்கே வரச்சொல், அந்தப் பாடத்தை ஒட்டிய புத்தகங்களை எடுத்து வைத்திரு. திறந்த சில நாளிலேயே, ஜூன் 19, தேசிய வாசிப்பு நாள். கேரளத்தில் நூலக இயக்கத்தை வளர்த்த பி. என். பணிக்கரின் நினைவு நாள் அது. அன்றைக்கு மேடை, பேச்சு எதுவும் வேண்டாம். ஆசிரியர்கள் முன் வாரம் எடுத்துப்போன புத்தகங்களோடு வகுப்புக்குள் நுழையட்டும். பாதிக் கதையில் நிறுத்தச் சொல்.

அப்பா அடுத்த வாரம் புனே வருகிறாராமே. அவர் பையில் என் பழைய தேதி முத்திரையை வைத்து அனுப்புகிறேன். மை மட்டும் அங்கே வாங்கிக்கொள்.

அன்புடன்,
அத்தை