முதல் ஸ்கிரிப்ட்டை உங்கள் தெருவிலேயே எழுதுங்கள்

திரைக்கதை எழுதும் ஆசை வந்துவிட்டதா? வேலையை விட்டுவிடாதீர்கள். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், அது போதும். ஒன்லைன் வைத்திருப்பவர்கள் ஏராளம். முழு டிராஃப்டை முடித்தவர்கள் குறைவு. போட்டி அவர்களோடுதான்.

1. களம் தேடி அலையாதீர்கள், உங்கள் தெருவே போதும். உதாரணத்துக்கு, கொச்சி மட்டாஞ்சேரியில் கொச்சங்காடிப் பக்கம் போய்ப் பாருங்கள். நெருக்கியடித்த வீடுகள், பழைய செம்பிட்டபள்ளி மசூதி வாசல், சற்றுத் தள்ளி மசாலா குடோன்கள். இந்த மட்டாஞ்சேரியின் புறாப் பந்தயத்தை வைத்துத்தான் சௌபின் சாஹிர் 2017-ல் ‘பறவ’ படத்தை இயக்கினார். முனீர் அலியோடு சேர்ந்து எழுதியது. யாருடைய புறா அதிக நேரம் பறக்கிறதோ அவருக்கு வெற்றி. ஆசைப்படும் பையன்கள், எதிராளி, ஓடும் நேரம் என்று சினிமாவுக்கு வேண்டியதெல்லாம் அந்த விளையாட்டிலேயே இருக்கிறது. சௌபின் அதற்கு முன் பல ஆண்டுகள் உதவி இயக்குநராக இருந்தவர் என்பதையும் மறக்க வேண்டாம்.

2. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ‘பையன் பயந்தான்’ என்பதை கேமராவால் எடுக்க முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: சாயங்காலம். மொட்டை மாடி. பையன் கூண்டுக்குள் புறாக்களை எண்ணுகிறான். ஏழு. திரும்ப எண்ணுகிறான். ஏழுதான். கீழே வாப்பாவின் ஸ்கூட்டர் வந்து நிற்கிறது. அவசரமாகக் கூண்டின் மேல் சாக்கைப் போட்டு மூடுகிறான். வசனமே இல்லை; காணாமல் போன புறா எங்கே என்று படிப்பவர் கேட்டுவிடுவார்.

3. பத்துப் பக்கக் குறும்படத்தில் தொடங்குங்கள். ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது தொழில் கணக்கு. முழுப் படத்துக்கு நூறு பக்கத்துக்கு மேல் போகும். சீன் ஆர்டர் போடாமல் அதில் இறங்காதீர்கள்.

4. தனியாக முடியவில்லையா, பார்ட்னர் பிடியுங்கள். மலையாளத் திரைக்கதையாசிரியர் ஷ்யாம் புஷ்கரன் 2011-ல் ‘சால்ட் அண்ட் பெப்பர்’ எழுதியது திலீஷ் நாயரோடு. அடுத்த சில ஆண்டுகளில் ‘மகேஷிண்டே பிரதிகாரம்’ அவருக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. 2019-ல் கொச்சிக்குப் பக்கத்துக் கும்பளங்கி, அவர் எழுதிய படத்தின் பெயரிலேயே ஏறியது. பார்ட்னரோடு கிரெடிட், பணம் இரண்டையும் முதல் நாளே எழுத்தில் பேசி முடியுங்கள். நட்பு கெடாமலிருக்க அதுவே வழி.

5. பதிவு செய்யாமல் யாரிடமும் கதை சொல்லாதீர்கள். வெறும் ஐடியாவுக்குக் காப்புரிமை கிடையாது என்று 1978-லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதி வைத்ததற்குத்தான் பாதுகாப்பு. 2018-ல் ‘சர்கார்’ படத்தின் கதை தன்னுடையது என்று புகார் சொன்ன வருண் ராஜேந்திரனுக்குக் கைகொடுத்தது, எழுத்தாளர் சங்கத்தில் அவர் முன்பே பதிந்திருந்த ‘செங்கோல்’ கதை. கடைசியில் படத்தில் அவர் பெயரைப் போடச் சம்மதித்து சமரசம் ஆனது.

6. கதை சொல்லப் போகும்போது ஐந்து நிமிட வெர்ஷன், அரை மணி வெர்ஷன் இரண்டும் வாயில் இருக்க வேண்டும். பவுண்ட் ஸ்கிரிப்ட் பையில் இருக்கட்டும், கேட்டால் மட்டும் எடுங்கள். கேட்பவர் எந்த இடத்தில் போனைப் பார்த்தார் என்று கவனியுங்கள். அன்று ராத்திரியே அந்த சீனைத் திருத்துங்கள்.