கைதட்டவும் பழக வேண்டும்

ரூபவாஹினி 1982இல் தொடங்கிய பிறகு அயல்வீட்டு விறாந்தையில் குந்தியிருந்து டிவி பார்த்த தலைமுறை, எங்கள் சின்னம்மா. "ஒருக்கா அந்தப் பெட்டிக்குள்ள போய்ப் பாக்கோணும் தம்பி" என்பது அவரின் நெடுநாள் ஆசை. கொழும்பில் ஒரு தமிழ் அலைவரிசையின் தீபாவளிப் பட்டிமன்றத்துக்குப் பார்வையாளர் தேவை என்று கேள்விப்பட்டதும், திருகோணமலை உட்துறைமுக வீதியிலிருந்து ஆறு பேர் இரவு ரயில் ஏறினோம். பட்டுத் தெளிந்ததைச் சொல்கிறேன்.

நேரடி ஒளிபரப்பா, பதிவா என்று முதலில் கேளுங்கள். நேரடி என்றால் குறித்த நேரத்தில் முடியும். பதிவென்றால் ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ஐந்து மணி நேரம்கூட இருக்கவேண்டி வரும். அன்றிரவுக்கே திரும்பச் சீட்டு எடுத்திருந்த நாங்கள் ரயிலைக் கோட்டைவிட்டோம். மட்டக்களப்பு ரயிலில் ஏறிக் கல் ஓயாச் சந்தியில் இறங்கினால், அந்தச் சாமத்தில் திருகோணமலைக்கு யார் கூட்டிவருவார்? மறுநாளைக்கே சீட்டு எடுங்கள்.

உடுப்பு ஒற்றை நிறத்தில் இருக்கட்டும். பொடிக்கட்டமும் மெல்லிய கோடும் திரையில் நெளியும். தூய வெள்ளை வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். பின்னால் பச்சைத் திரை கட்டியிருந்தால், பச்சைச் சேலைக்காரர் கழுத்துக்குக் கீழே காணாமல் போவார். பொடிக்கட்டச் சேட்டோடு போன என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒரு சால்வை கட்டாயம். விளக்குச் சூட்டுக்காகக் கலையகத்தில் ஏசியைக் கூட்டி வைப்பார்கள். கச்சான் காற்றுக்குப் பழகிய எங்கள் உடம்பு வெடவெடத்தது.

பதிவு தொடங்கினால் கதவைச் சாத்திவிடுவார்கள். சாப்பாடும் உள்ளே கொண்டுபோக முடியாது. சின்னம்மாவுக்குச் சீனி வருத்தம். தளப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி, கதவோரக் கதிரை கேட்டு வாங்கினோம். கேட்டால் தருகிறார்கள், வெட்கப்பட்டால் பட்டினிதான்.

போனை வாசலில் வாங்கி வைத்தார்கள். ஆளுக்காள் தவறினால் எங்கே சந்திப்பது என்று உள்ளே போக முன்னரே பேசிக்கொள்ளுங்கள்.

இடைவேளை முடிந்து வந்தால் பழைய கதிரையிலேயே இருங்கள். இடம் மாறினால், பேச்சாளர் ஒரு வசனம் முடிப்பதற்குள் நீங்கள் இரண்டு வரிசை தாவியது போலத் திரையில் தெரியும்.

கைதட்டலையும் சிரிப்பையும் தனியாக எடுத்து, பிறகு வேண்டிய இடத்தில் ஒட்டுவார்கள். பேச்சே இல்லாமல் தட்டச் சொல்லும்போது கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் மனதாரத் தட்டுங்கள். அங்கே நாம் விருந்தாளிகள் அல்ல, வேலைக்காரர்கள். கமரா எப்போது நம் பக்கம் திரும்பும் என்றும் தெரியாது. முகத்தில் கவனம் வேண்டும்.

தீபாவளியன்று வீடு நிறைய ஆட்கள். நடுவர் தீர்ப்புச் சொல்ல, சின்னம்மா ஆழ்ந்து தலையசைக்கும் காட்சி வந்தது. "என்ன விளக்கமாய்க் கேட்டிருக்கிறா!" என்று எல்லோரும் மெச்சினார்கள்.

அவர் தூங்கி விழுந்ததை நாங்கள் ஆறு பேரும் இன்றுவரை வெளியில் சொல்லவில்லை.