வட்ட ரம்பத் தகட்டைத் துலக்குதல், தீட்டுதல், மாற்றுதல்

அருப்புக்கோட்டை, திருச்சுழி தாலுகாக்கள் மழையை நம்பிய மானாவாரிச் சீமை. தேக்கும் தோதகத்தியும் இங்கே விளைவதில்லை. கருவேலம், வேம்பு, பனை, புளி ஆகியவையே உழவர்க்கு ஏரும் வண்டியும் கூரைச் சட்டமும் ஆகி வந்தன. 1877-ஆம் ஆண்டில் அந்நாளைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் முதன்முதலாக விதைக்கப்பெற்ற சீமைக் கருவேலம், பிற்காலத்தில் இச்சீமையின் கண்மாய்களிலும் தரிசுகளிலும் பரவி, விறகுக்கும் கரி மூட்டத்துக்கும் உரிய மரமாயிற்று. இம்மரங்கள் அனைத்தும் இரும்புக்குச் சோதனையானவை. கருவேலம் கெட்டியானது, சீமைக் கருவேலம் கெட்டியாய் இருப்பதோடு கோணலும் உடையது, பனையின் வயிரம் நாரும் கருங்கோடுமாய் நின்று ரம்பப் பல்லைத் தேய்த்து விடும். ஆகையால் மேஜை ரம்பம் வைத்துள்ள கிராமத்தார் தகட்டைப் பேணும் முறையை அறிந்திருத்தல் அவசியம். மழுங்கிய தகட்டினால் பணமும் எண்ணெயும் வீணாவதுடன், வேலை செய்பவனுடைய கைவிரல்களுக்கும் ஆபத்து நேரும்.

மழுங்கியதன் அறிகுறிகள்

கூரிய ரம்பம் மரத்தைச் சிறு சிறு சீவல்களாகத் தள்ளும். மழுங்கியது மாவைப் போன்ற தூளைத் தள்ளும். அறுத்த முகத்தில் கருகல் தோன்றுதல், புகை நாற்றம் வீசுதல், யந்திரம் முனகுதல், மரத்தை முன்னிலும் அதிக பலத்தோடு தள்ள வேண்டியிருத்தல் ஆகியவையும் குறிகளாம். ஐயம் இருப்பின், யந்திரத்தை நிறுத்தி, மின்சார இணைப்பையோ வாரையோ கழற்றிய பின்பு, பல்லின் நுனியை வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பி வீசாது. நுனியில் வெள்ளைக் கோடு மின்னுமாயின் அப்பல் மழுங்கிற்று என்று கொள்ளலாம்.

மேஜையின் பின்புறத்தில் பற்கள் கீழிருந்து மேல்நோக்கி எழுகின்றன. மரம் அங்கே தகட்டை நெருக்குமாயின், அப்பற்கள் அதனைத் தூக்கி வேலையாள் மீது எறிந்து விடும். மழுங்கிய தகட்டினால் அறுப்பவன் மரத்தைப் பலமாய்த் தள்ளுகிறான். மரம் திடீரென விலகும்போது கை தகட்டின் மேல் விழுகிறது. தகட்டின் பின்னே பிளவைத் திறந்து வைக்கும் பிளவுக் கத்தியும், மேலே மூடியும், கைக்குப் பதிலாகத் தள்ளுகட்டையும் இருத்தல் வேண்டும். யந்திரங்களின் அபாயகரமான பாகங்களுக்குக் காப்பு அமைக்க வேண்டுமென 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-வது பிரிவு விதித்தது. சட்டம் எட்டாத சிறு கொட்டகைக்கும் அந்தக் காப்பு அவசியமே. உருண்டையும் கோணலுமான கட்டையைத் தொட்டில் போன்ற சட்டத்தில் இருத்தியே அறுக்க வேண்டும்.

துலக்குதல்

மழுங்கியதாகத் தோன்றும் தகடுகளுள் சில உண்மையில் அழுக்கேறியவையே. வேம்பிலும் கருவேலத்திலும் சுரக்கும் பிசின் பற்களின் பக்கங்களில் ஒட்டிச் சுட்டுக் கறுக்கிறது. அதனால் உராய்வும் சூடும் மிகுகின்றன. விளிம்பு சூடேறி விரியவே, தகடு நேராக ஓடாமல் நெளிகிறது. ஆகவே தீட்டுமுன் துலக்குதலே முறை.

தகட்டைக் கழற்றி, அகன்ற தட்டில் வெந்நீரும் சலவைச் சோடாவும் கலந்து சிறிது நேரம் ஊற வைத்து, நார்த் தூரிகையால் தேய்த்தால் பிசின் இளகும். மண்ணெண்ணெயும் உதவும், ஆனால் அடுப்புக்கும் நெருப்புக்கும் அப்பால் வைத்தே அதனைக் கையாள வேண்டும். உளியாலோ கத்தியாலோ சுரண்டலாகாது. கழுவிய தகட்டை உடனே துடைத்து, உலர்த்தி, இலேசாக எண்ணெய் தடவாவிடில் துருப் பிடிக்கும். கார்பைடு முனை பற்ற வைத்த தகடுகளுக்குக் காஸ்டிக் சோடா போன்ற கடுங்காரம் ஆகாது.

மரத்தையும் துலக்குதல் வேண்டும். கண்மாய்க் கரையில் வெட்டிய கட்டையின் பட்டையில் கரிசல் மண்ணும் மணலும் ஒட்டியிருக்கும். வேலியாய் நின்ற மரத்தில் ஆணியோ கம்பியோ புதைந்திருக்கலாம். இவற்றைப் பாராமல் அறுப்பவன் ஒரு நொடியில் ஒரு நாளைய கூர்மையை இழக்கிறான்.

தீட்டுதல்

தகடுகள் இருவகை. முழுதும் எஃகாலானவற்றைக் கிராமத்திலேயே அரத்தால் தீட்டலாம். கார்பைடு முனையுள்ளவற்றை அரம் தொடாது. வைரத் தூள் பதித்த சாணைச் சக்கரம் உள்ள பட்டறைக்கே அனுப்ப வேண்டும்.

எஃகுத் தகட்டைத் தீட்டும் வரிசை பின்வருமாறு:

1. சமன் செய்தல். வாரைக் கழற்றிவிட்டு, தட்டையான சாணைக் கல்லை மேஜை மேல் பற்களின் நுனி இலேசாகத் தொடும்படி இருத்தி, தகட்டைக் கையினால் பின்னோக்கிச் சுழற்ற வேண்டும். ஒவ்வொரு பல்லிலும் சிறு வெள்ளைப் புள்ளி தோன்றும்வரை இதைச் செய்தால் பற்கள் எல்லாம் ஒரே உயரம் பெறும்.

2. பல் விரித்தல். தகட்டைக் கழற்றி, இரு பலகைகளின் இடையே இறுகப் பிடித்து, ஒரு பல்லை வலமும் அடுத்ததை இடமுமாகச் சிறிது சாய்க்க வேண்டும். பல்லின் மேல் மூன்றில் ஒரு பங்கே வளைய வேண்டும். அடிவரை வளைத்தால் பல் ஒடியும். பச்சை மரத்துக்கு விரிப்பு அதிகமாகவும், உலர்ந்த கெட்டி மரத்துக்குக் குறைவாகவும் இருத்தல் நலம். கார்பைடு முனை தகட்டினும் அகலமாதலால் அதற்கு விரிப்பு வேண்டுவதில்லை.

3. அரம் போடுதல். வெள்ளைப் புள்ளி மறையும் அளவே அராவ வேண்டும். அதற்கு மேல் அராவினால் பல் தாழ்ந்துவிடும். முதலில் ஒன்று விட்டு ஒன்றாக அராவி, பின் தகட்டைத் திருப்பி எஞ்சியவற்றை அராவ வேண்டும். நார் வாக்கில் கிழிக்கும் தகட்டுக்கு அரம் நேராகவும், குறுக்கே அறுக்கும் தகட்டுக்குச் சாய்வாகவும் செல்ல வேண்டும்.

4. பல்லிடைக் குழியை உருண்டை அரத்தால் வளைவாக வைத்தல். கூரிய மூலை விட்டால் அங்கிருந்தே வெடிப்புத் தொடங்கும்.

சாணைச் சக்கரத்தில் தீட்டுவோர் இலேசாகத் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். பல் நீல நிறம் அடைந்தால் அதன் பதம் கெட்டது என்பது பொருள்.

மாற்றுதலும் பூட்டுதலும்

குழியில் வெடிப்பு, பல் ஒடிதல், தகடு கோணுதல், சூட்டால் நீலம் பாய்தல் ஆகியவற்றில் ஏதேனும் கண்டால் அத்தகட்டை ஓட்டலாகாது. 24 அங்குலத் தகடு நிமிஷத்துக்கு 1,500 சுற்று ஓடும்போது அதன் விளிம்பு நிமிஷத்துக்கு 9,400 அடிக்கு மேல் பறக்கிறது. அவ்வேகத்தில் தெறிக்கும் துண்டு துப்பாக்கிக் குண்டைப் போல உயிருக்கு ஆபத்தானது. புதுத் தகடு வாங்கும்போது அதில் பொறித்துள்ள உச்ச வேகத்தை யந்திரத்தின் வேகத்தோடு ஒப்பிட வேண்டும். நடுத்துளை தண்டில் ஆட்டமின்றிப் பொருந்த வேண்டும். இரு பக்கத்து வட்டுகளையும் துடைத்து, மேலே உள்ள பற்கள் வேலையாளை நோக்கி இருக்குமாறு பூட்டி, ஒரு சுற்றுக் கையால் சுழற்றிப் பார்த்த பின்பே ஓட்ட வேண்டும்.

சங்கத்தின் கணக்கு

தீட்டுக் கூலியை மிச்சப்படுத்துவது சிக்கனம் என்று சிலர் எண்ணுகின்றனர். உதாரணமாக, தகட்டின் விலை 3,000 ரூபாய் எனவும், தீட்டுக் கூலி 200 ரூபாய் எனவும் கொள்க. 20 மணிக்கு ஒரு முறை தீட்டினால் 10 தீட்டு தாங்கும் எனில், மொத்தச் செலவு 5,000 ரூபாய், உழைப்பு 220 மணி. மணிக்கு ஏறக்குறைய 23 ரூபாய். 25 மணி வரை தாமதித்தால், மிகுதியாக அராவ வேண்டியிருத்தலால் 5 தீட்டே தாங்கும் எனில், செலவு 4,000 ரூபாய், உழைப்பு 150 மணி. மணிக்கு ஏறக்குறைய 27 ரூபாய். வீணான எண்ணெயும் காயமும் இக்கணக்கில் சேரவில்லை.

ஆதலால் பொது ரம்பம் வைத்துள்ள சங்கம் இரண்டு தகடுகளை வைத்திருப்பது நலம். ஒன்று ஓடும்போது மற்றொன்று தீட்டப்பெறும். அவசரத்தின் பெயரால் மழுங்கிய தகடு ஓட வேண்டியதில்லை. ஓடிய மணி, தீட்டிய நாள், அறுத்த மரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, வாடகையில் ஒரு பங்கைத் தகட்டு நிதியாக ஒதுக்க வேண்டும். தகடு கூரில்லை என்று நிறுத்தும் வேலையாளை எந்த அங்கத்தினரும் கடிந்து கொள்ளலாகாது. அவன் காப்பது சங்கத்தின் முதலையும் தன் கையையும் ஆகும்.

கூட்டத்தில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

1. மழுங்கிய தகட்டையும் அழுக்கேறிய தகட்டையும் வேறுபடுத்தி அறிவது எவ்வாறு?
2. எத்தகைய தகட்டைக் கிராமத்தில் தீட்டலாம்? எதனைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும்?
3. நமது சங்கத்து ரம்பத்தில் பிளவுக் கத்தியும் மூடியும் உள்ளனவா? இல்லையெனில் அவற்றை அமைக்கும் பொறுப்பை எவர் ஏற்பார்?