கோல்செஸ்டர் கோட்டைக்கு ஒரு நாள்: முழுமையான வழிகாட்டி

என்ன இடம் இது?

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் இருக்கிறது கோல்செஸ்டர். பிரிட்டனில் ரோமானியர்களின் முதல் தலைநகரம் இதுதான். நார்மன் மன்னர் முதலாம் வில்லியம் காலத்தில், 1070களில் இங்கே ஒரு கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் நார்மன் கோட்டைக் கோபுரங்களில் மிகப் பெரியது அது. 1860 முதல் அதற்குள் ஊரின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் இயங்குகிறது. வரலாறு படித்திருக்க வேண்டியதில்லை, ஆர்வம் இருந்தால் கிளம்பலாம்.

எப்படிப் போவது?

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கோல்செஸ்டர் பிரதான நிலையத்தில் இறங்கினால் அரை மணி நேரம் நடக்க வேண்டும், அதுவும் மேடேறி. பஸ் உண்டு. கோல்செஸ்டர் டவுன் நிலையம் வரை ரயில் கிடைத்தால் நடை பத்து நிமிடம்தான்.

எவ்வளவு ஆகும்?

பெரிய செலவு ரயிலுக்குத்தான். காலை நெரிசல் முடிந்து கிளம்பினால் ஆஃப்-பீக் கட்டணம். ரயில்கார்டு என்னும் சலுகை அட்டை இருந்தால் அதிலும் மூன்றில் ஒரு பங்கு குறையும். கோட்டைக்குள் நுழையப் பெரியவர்களுக்கு 10 பவுண்டுக்கு மேல் ஆகும். நிலவறைக்கும் மாடிக்கும் அழைத்துப்போகும் வழிகாட்டிச் சுற்றுக்குத் தனி டிக்கெட். போனதும் முதல் வேலையாக அதற்கு இடம் பிடித்துவிடுவோம்.

முதலில் வெளிச்சுவர்

அவசரப்பட்டு உள்ளே போக வேண்டாம். சுற்றியுள்ள பூங்காவுக்குக் கட்டணம் இல்லை. நிதானமாக ஒரு சுற்று வருவோம். சுவரில் கற்களுக்கிடையே தட்டையான சிவப்புச் செங்கற்கள் தெரியும். அவை ரோமானியர் சுட்டவை. பாழடைந்து கிடந்த அவர்களுடைய கட்டடங்களிலிருந்து எடுத்து நார்மன்கள் இங்கே வைத்துக் கட்டினார்கள்.

அடித்தளமும் ரோமானியருடையதே. பேரரசர் கிளாடியஸுக்கு எழுப்பிய கோயிலின் அடிமேடை அது. கி.பி. 60-61இல் ரோமானியரை எதிர்த்துக் கிளர்ந்த பூடிக்கா அரசியின் படை ஊரைக் கொளுத்தியபோது, எஞ்சியவர்கள் இந்தக் கோயிலுக்குள் புகுந்து இரண்டு நாள் தாக்குப்பிடித்தார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போவோம்.

உள்ளே எந்த வரிசையில்?

நிலவறைதான் முதலில். 1683இல் கோட்டையை வாங்கிய ஜான் வீலி, கல்லை விற்பதற்காக அதை இடிக்கத் தொடங்கிக் கட்டுபடியாகாமல் நிறுத்தினார். கோயில் மேடைக்குள் நிரப்பியிருந்த மணலை அவர் தோண்டியெடுத்ததால்தான் இன்று நாம் அங்கே நடக்க முடிகிறது.

அடுத்து ஃபென்விக் புதையல். 2014இல் ஒரு கடையின் விரிவாக்கப் பணிக்கு முன் நடந்த அகழாய்வில் கிடைத்த நகைகள் இவை. பூடிக்காவின் படை வருமுன் யாரோ தங்கள் வீட்டுத் தரைக்கடியில் புதைத்த தோடுகள், காப்புகள், மோதிரங்கள். மீட்டெடுக்க அவர்கள் திரும்பவில்லை. என்னைக் கேட்டால், அதிக நேரம் இங்கேதான் நிற்க வேண்டும்.

சிறைப் பகுதியைக் கடைசியில் பார்க்கலாம். 1645இல் மேத்யூ ஹாப்கின்ஸ் சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டிய பெண்களை அடைத்துவைத்த இடம்.

கவனிக்க வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்பால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவது உண்டு; முதல் நாளே பார்த்துவிடுங்கள். வழிகாட்டிச் சுற்றில் படிகள் அதிகம். முட்டி வலி உள்ளவர்கள் அருங்காட்சியகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

திரும்பும் முன், சிறிது தூரம் நடந்து பால்கர்ன் வாயிலையும் பார்த்துவிடுவோம். பிரிட்டனில் எஞ்சியுள்ள மிகப் பெரிய ரோமானிய நுழைவாயில் அது, கட்டணம் இல்லை.