இடது குழலையும் பார்

அன்புள்ள கண்ணு பிரபுவுக்கு,

பெரியப்பன் எழுதிக்கொள்வது. 

போனிலேயே பேசியிருக்கலாம். பேசினால் நான் சத்தம் போடுவேன், நீ "சரிங்க பெரியப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம்.

ஞாயிற்றுக்கிழமை நீ வைத்த ஸ்டேட்டஸைப் பெரியம்மா காட்டினாள். லைசென்ஸ் உன் பேருக்கு மாறியதும், டீலரிடம் கிடந்த துப்பாக்கி வீடு வந்து சேர்ந்ததும் சந்தோஷம்தான். தாத்தா வாங்கிய ஈசாப்பூர் இரட்டைக் குழல், உங்கப்பனுக்குப் பின் உன் கையில். மீசையும் உனக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணு, அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார். உன் ஆள்காட்டி விரல் வளையத்துக்குள்ளே போய் விசையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. குழலைத் தரைக்குத்தானே சாய்த்திருக்கிறோம் என்று நீ நினைத்திருப்பாய். உன் இடது பக்கம் தூணைக் கட்டிக்கொண்டு உன் பாப்பா நிற்கிறாள். அவள் கொலுசுக்கும் குழல் வாய்க்கும் நடுவே ஒரு சாண் இருக்குமா? அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலித் துப்பாக்கிதானே என்று நீ சொல்வாய். குழலை மடக்கி உள்ளே பார்த்தாயா? நீயே பார்த்தாயா, டீலர் கடைப் பையன் சொன்னதைக் கேட்டுக்கொண்டாயா?

மெட்ராஸ் ரெஜிமெண்டில் கடைசிக் காலத்தில் எனக்குக் கோத், அதாவது ஆயுத அறை, பொறுப்பு என்பது உனக்குத் தெரியும். ரேஞ்சிலிருந்து திரும்புகிறவன் ஜவானாக இருந்தாலும் சுபேதாராக இருந்தாலும், மணல் மூட்டையைப் பார்த்துக் குழலை நீட்டி, முதலில் மேகசினைக் கழற்றி, அப்புறம் போல்ட்டை இழுத்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து, எனக்கும் காட்டி, கடைசியாக விசையைத் தட்டிவிட்டுத்தான் துப்பாக்கியை உள்ளே வைக்க முடியும். இந்த வரிசையை ஏன் மாற்றக் கூடாது தெரியுமா? மேகசினைக் கழற்றாமல் போல்ட்டை இழுத்தால் ஒரு தோட்டா வெளியே வந்து விழும். விழுந்ததைப் பார்த்தவன் காலியாகிவிட்டது என்று நம்புவான். போல்ட்டை விட்ட மாத்திரத்தில் அடுத்த தோட்டா உள்ளே ஏறியிருக்கும். புதுசாக வந்த பையன்கள் அல்ல, சர்வீஸ் ஆன கைகள்தான் இந்தத் தப்பைச் செய்யும். நான் உன் கண் முன்னால் திறந்து பார்த்துவிட்டு உன்னிடம் நீட்டினாலும், வாங்குகிற நீ மறுபடியும் திறந்து பார்க்க வேண்டும். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அடுத்தவன் சொன்ன "காலி" என்ற பேச்சுக்குக் கோத்தில் இடமே கிடையாது.

2021 அக்டோபரில் அமெரிக்காவில் 'ரஸ்ட்' என்று ஒரு படப்பிடிப்பு. நடிகர் அலெக் பால்ட்வின் கையில் கொடுத்த துப்பாக்கியில் நிஜத் தோட்டா இல்லை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஒத்திகையில் வெடித்தது. ஒளிப்பதிவு செய்த அம்மா இறந்துபோனார். படத்துக்கு ஆயுதப் பொறுப்பாக இருந்த பெண்ணுக்கு 2024இல் 18 மாதச் சிறை. கோத் பார்த்தவன் என்பதால் எனக்கு அந்தப் பெண் மேல்தான் கோபம், அவள் மேல்தான் பரிதாபமும். நம் நாட்டில் இந்தி நடிகர் கோவிந்தாவை எடுத்துக்கொள். ரெஜிமெண்டில் படம் போட்டால் பாதி அவர் படம்தான், நாங்களெல்லாம் அவர் ஆட்டத்துக்கு விசிலடித்தவர்கள். 2024 அக்டோபர் 1, விடியற்காலை, வெளியூர் கிளம்புகிற அவசரத்தில் தன் லைசென்ஸ் ரிவால்வரை எடுத்து வைக்கப்போய், அது வெடித்து முழங்காலுக்குக் கீழே குண்டு பாய்ந்தது. வீட்டுக்குள்ளே, சொந்தத் துப்பாக்கியில்.

நம் துப்பாக்கிக்குச் சேஃப்டி இருக்கிறதே என்று சொல்லாதே. பெருவிரல் படுகிற இடத்தில் இருக்கும் அந்தப் பொத்தான் பூட்டுவது விசையை மட்டும்தான். உள்ளே சுத்தியல்கள் இரண்டும் ஏறியபடியே நிற்கும். அவற்றைப் பிடித்திருக்கும் கொக்கி பழசாகித் தேய்ந்திருந்தால், கல்தரையில் அடித்து விழுகிற அதிர்ச்சியே போதும். இதை உங்கப்பனுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். "சேஃப்டி போட்டிருக்குதுண்ணா" என்பதுதான் அவனுடைய ஒரே பதில்.

எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் அந்தக் கார்த்திகை ராத்திரியை எழுதாமல் இந்தக் கடிதம் நகராது. பன்றி வந்தது. உங்கப்பன் போனான். முன்விசையை இழுத்தான், வலது குழல் வெடித்தது, பன்றிகள் ஓடிவிட்டன. சுட்டாயிற்று என்கிற திருப்தியோடு வந்து, சாளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் காப்பி கேட்டான். இரட்டைக் குழலில் ஆள் மாட்டிக்கொள்வது எப்போதும் இங்கேதான். ஒரு சத்தம் கேட்டதும் மனசு துப்பாக்கியே காலி என்று எண்ணிக்கொள்கிறது. இடது குழலில் எல்ஜி தோட்டா அப்படியே இருந்தது. கட்டுத்தறியில் கன்றுக்குட்டி கயிற்றை இழுத்தது, துப்பாக்கி சரிந்து கல்லில் விழுந்தது. அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். மாரப்பன் இன்றைக்கும் குதிகால் ஊன்றாமல்தான் நடக்கிறான். உனக்குப் பனங்காய் வண்டி செய்து கொடுத்தவன் அவன்.

"தானா வெடிச்சிருச்சு" என்றான் உங்கப்பன். ஊரே ஆமாம் போட்டது. உன் அம்மா வீட்டு ஆட்கள் நேரமே சரியில்லை என்று முடித்து, கோயிலுக்குக் கிடாய் வெட்டினார்கள். நான் ஒருத்தன்தான் பெரியவர்கள் நடுவில் எழுந்து, தானாக எதுவும் வெடிக்கவில்லை, மடக்கிப் பார்க்காமல் சாய்த்ததால் வெடித்தது, மாரப்பன் குடும்பத்துக்கு வருஷா வருஷம் நெல் அளக்க வேண்டும் என்று சொன்னேன். அன்றைக்குத் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனவன்தான் உங்கப்பன். உன் கல்யாணத்துக்குத் தாம்பூலம் வைக்க வரும் வரைக்கும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. மிலிட்டரிக்காரன் பவுசு காட்டுகிறான் என்றார்கள். தாத்தா துப்பாக்கியைத் தம்பிக்குக் கொடுத்த வயிற்றெரிச்சல் என்றும் சொன்னார்கள். (மூத்தவன் நான். எனக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். அது வேறு கதை.) நெல்லை மட்டும் சொன்னபடி அளந்தான், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

இப்போது நீயும் பன்றிக்குத்தான் துப்பாக்கி என்கிறாய். காட்டுப்பன்றியை நீ சுட முடியாது கண்ணு. 2025 ஜனவரியில் அரசு என்ன சொன்னது? காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில்தான் விட வேண்டும், அதற்கு மேல் வந்தால் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள்தான் சுட வேண்டும். நம் மோட்டார் ரூம் திட்டில் ஏறி நின்றால் காட்டு மரத்தில் குருவி உட்காருவது தெரிகிறது. நீ சுட்டால் கேஸ் உன் மேல்தான் வரும்.

மேலே சுட்டு விரட்டிக்கொள்கிறேன் என்பாய். மேலே போவது எங்கே இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? 2021 டிசம்பரில் புதுக்கோட்டை நார்த்தாமலைப் பக்கம், முறையான துப்பாக்கி சுடும் தளத்தில், பயிற்சி பெற்றவர்கள் சுட்ட இடத்திலிருந்து தப்பி வந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையன் தலையில் பாய்ந்தது. சில நாளில் பையன் போய்விட்டான். அது ரைஃபிள், நம்முடையது ரவை, அவ்வளவு தூரம் போகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்ஜியில் இருக்கிற பெரிய ரவை சில நூறு மீட்டர் தாராளமாகப் போகும். நம் கிழக்கு வரப்பைத் தாண்டினால் கூலியாட்கள் குடியிருக்கும் வரிசை வீடு. கோடையில் எல்லோரும் வெளியே கட்டில் போட்டுத்தான் படுக்கிறார்கள்.

நோம்பிக்கு வானத்தைப் பார்த்துச் சுடுகிற பழக்கமும் உங்கப்பனோடு போகட்டும். 2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியபோது அதைத் தனிக் குற்றமாகவே எழுதிவிட்டார்கள். 2 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிரே போய்விட்டால் புதிய சட்டப்படி அஜாக்கிரதைக்கு 5 வருஷம் வரை. இதெல்லாம் பயமுறுத்த எழுதவில்லை. கொஞ்சம் பயமுறுத்தத்தான் எழுதினேன்.

முடிவு உன்னுடையது. துப்பாக்கி உன் பேரில் இருக்கிறது, நீ படித்தவன், நான் இதில் கட்டாயப்படுத்த மாட்டேன். வைத்துக்கொள்ளலாம் என்றால் வைத்துக்கொள். சுவரோடு போல்ட் போட்டு முடுக்கிய இரும்புப் பெட்டி வாங்க வேண்டும். தோட்டா வேறு அறையில், வேறு பூட்டில். சாவி சாமி படத்துக்குப் பின்னால் வேண்டாம், நம் வீட்டில் பாப்பா முதற்கொண்டு எல்லோருக்கும் அந்த இடம் தெரியும். எடுக்கும்போதெல்லாம் குழலை ஆளில்லாத திக்கில் வைத்து மடக்கி, இரண்டு அறையையும் பார்த்து, இருட்டாக இருந்தால் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். வேலி தாண்டும்போது, வாய்க்கால் தாண்டும்போது, வண்டியில் ஏறும்போது தோட்டா உள்ளே இருக்கக் கூடாது. மழைக்காலம் கழிந்து எடுக்கும்போது குழலை வெளிச்சத்துக்குக் காட்டி உள்ளே பார்க்க வேண்டும். குளவி மண் வைத்திருப்பது தெரியாமல் சுட்டால் குழல் வெடித்து இடது கை போகும். உங்கப்பன் டிரங்குப் பெட்டியில் பழைய தோட்டாக்கள் ஈரம் பட்டுக் கிடக்கும், அவற்றைத் தொடாதே. விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் உடனே மடக்காதே, மருந்து தாமதித்துப் பிடிக்கலாம். குழலைத் திருப்பாமல் 30 விநாடி அப்படியே நில். மச்சான், சிநேகிதன் யார் கேட்டாலும் தொட்டுப் பார்க்கக் கூடக் கொடுக்காதே. எலெக்‌ஷன் வந்தால் ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்வார்கள், 5 வருஷத்துக்கு ஒரு தரம் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். இவ்வளவையும் ஒரு நாள் விடாமல் செய்கிற பொறுமை உனக்கு இருக்கிறது என்றால் சரி. ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு பொள்ளாச்சி வரை போகிறவன் நீ. நான் சொல்ல வேண்டியதில்லை.

விற்கலாம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. கோயமுத்தூரில் எனக்குத் தெரிந்த டீலர் ஒருவர் பட்டாளத்து ஆள். பேச்சு வாக்கில் கேட்டு வைத்தேன். கலெக்டர் ஆபீஸ் காகிதமெல்லாம் அவரே எழுதிக்கொடுத்து வாங்கிக்கொள்வாராம். வருகிற பணத்தோடு நானும் கொஞ்சம் போட்டால் மேற்குப் பக்கம் முழுக்கச் சோலார் வேலி போட்டுவிடலாம். ஆளையும் விசாரித்து வைத்திருக்கிறேன். இதில் என் விருப்பம் என்று ஒன்றும் இல்லை.

அதிகம் எழுதிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே சாமி. உங்கப்பன் படுத்த நாளிலிருந்து தோட்டத்தை ஒற்றை ஆளாக நீ இழுத்துப் பிடித்ததை நான் யாரிடம் சொல்லாமல் இருந்தேன்? மருமகள் மாதிரி ஒரு பெண் இந்தக் குடும்பத்துக்கு வந்தது நம் முன்னோர் செய்த புண்ணியம். உங்கப்பனும் நல்லவன்தான். கை தாராளம், மனசு வெள்ளை. ராத்திரி அவன் நினைவு வந்தால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. அந்த மீசையை எடுத்துவிடாதே, அச்சு அசல் தாத்தாதான். பாப்பாவுக்குப் பெரியம்மா பச்சைப் பட்டில் பாவாடை தைத்து வைத்திருக்கிறாள், அளவு சின்னதாகப் போகுமுன் கூட்டிக்கொண்டு வா. அம்மாவின் முழங்கால் வலிக்குத் தைலம் கொடுத்தனுப்புகிறேன். மாரப்பனுக்கு என் பேரில் ஒரு வேட்டி எடுத்துக் கொடு, பணம் நேரில் தருகிறேன். உனக்கு எது வேண்டுமானாலும், எந்த நேரமானாலும், இந்தப் பெரியப்பன் இருக்கிறேன். 

இப்படிக்கு,
உன் பெரியப்பன்

பி.கு.: டீலர் கடை ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை உனக்குத் தோதுப்பட்டால் காலையில் நானே கார் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். துப்பாக்கியைப் பின் சீட்டில் மடக்கித்தான் வைக்க வேண்டும், லைசென்ஸ் புத்தகத்தை மறக்காதே. வரும் வழியில் அன்னபூர்ணாவில் டிபன் சாப்பிடலாம்.